சேற்றின் மேல்தோல்

பாலத்துக்குக் கீழே தண்ணீர் அசையவில்லை. கிழக்கு வெளுக்க இன்னும் நேரம் இருக்கிறது. கொச்சியை ஒட்டிய காக்கநாட்டின் ஓரத்தில், மனக்கக்கடவில், கடம்ப்ரயாறு ஆறு என்ற பெயரோடு கிடக்கிறது. ஏப்ரல் கடைசியில் அதற்கு ஓட்டம் ஏது? வேம்பநாட்டுக் காயலின் ஓதம் சித்திரப்புழை வழியாக ஏறி இறங்கும்போது இதுவும் கொஞ்சம் ஏறி இறங்கும். மற்றபடி இந்த மாதத்தில் இதை ஆழமில்லாத ஓர் ஏரி என்றே சொல்லிவிடலாம். தொலைவில் இன்ஃபோபார்க்கின் மாடிகளில் இரவு ஷிஃப்ட்டின் விளக்குகள்.

வள்ளத்தில் இருவர். முன்னால் நிற்பவருக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். தோளில் வீச்சுவலை கிடக்கிறது, வீசவில்லை. பின்னால் ஒரு பையன் கழுக்கோலை ஊன்றிப் பிடித்திருக்கிறான். டார்ச் வெளிச்சம் தண்ணீர்மேல் விழுகிறது. பரப்பெங்கும் சின்னச் சின்ன வட்டங்கள். தூறல் விழுகிறதோ என்று பார்த்தால் மழை இல்லை. எல்லாம் திலேப்பியா. உடம்பைச் சாய்த்து, வாயை மட்டும் மேல்மட்டத்தில் வைத்து, காற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும் அந்த மெல்லிய நீர்ப்படலத்தை உறிஞ்சி உறிஞ்சி விடுகின்றன. வெளிச்சம் பட்டும் ஓடவில்லை. கரையோரப் புல்லில் தலை சாய்த்து ஒரு கரிமீன். கையால் அள்ளலாம்.

"மீனெல்லாம் பொங்கி. வெள்ளம் மோசமா, மோனே," என்கிறார் பெரியவர்.

வலையை மடித்து வள்ளத்துக்குள் போடுகிறார். இந்த மீனைச் சந்தைக்குக் கொண்டுபோனால் வாங்குகிறவர் செவுளைத் தூக்கி மோந்து பார்ப்பார். சேற்று வாடை அடித்தால் அப்படியே திருப்பி வைத்துவிடுவார்.

வெயில் ஏறிவிட்டால் இந்த வட்டங்கள் இருந்த இடம் தெரியாது. பதினொரு மணிக்கு யாராவது குப்பியோடு வந்து மேல்தண்ணீரை மொண்டு போனால் ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராம், 6 மில்லிகிராம் என்று அறிக்கையில் ஏறும். மீன் வாழத் தகுந்த நீருக்கு 4 மில்லிகிராமாவது வேண்டும் என்பது மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவுகோல். ஆக, ஆறு தேறிவிட்டது. மீன் எந்த மணி நேரத்தில் சாகக் கிடந்தது என்று அந்தத் தாளில் இருக்காது.

இத்தனைக்கும் கணக்கு எளியது. 30 டிகிரிச் சூட்டில் நன்னீர் தனக்குள் வைத்துக்கொள்ளக்கூடிய ஆக்சிஜனே லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம்தான். குளிர்ந்த நாட்டு ஏரி ஒன்று 20 டிகிரியில் ஒன்பதுக்குமேல் வைத்திருக்கும். கொச்சியின் தண்ணீர் தொடங்கும்போதே குறைந்த கையிருப்போடு தொடங்குகிறது. பகலில் பாசி ஆக்சிஜனைச் செய்கிறது. சில மாலைகளில் அந்த ஏழரையைத் தாண்டிக்கூடப் போகும். இருட்டியதும் அதே பாசி ஆக்சிஜனைச் செய்யாமல் மூச்சு மட்டும் விடுகிறது. மீனும் நண்டும் சேற்றிலுள்ள கோடானுகோடி நுண்ணுயிர்களும் கூடச் சேர்ந்துகொள்கின்றன. காற்று அடித்தால் மேலிருந்து கொஞ்சம் கரையும். காற்றில்லாத இரவில் அதுவும் கிடையாது. கையிருப்பு முழுக்கக் கரைந்துபோகும் வேளை விடியலுக்குச் சற்று முன்புதான்.

விராலும் கெளுத்தியும் பனையேறிக் கெண்டையும் இந்த வேளையைச் சட்டை செய்வதில்லை. அவை நேராகக் காற்றையே சுவாசிக்கத் தெரிந்தவை. மேலே ஒரு எம்பு, ஒரு மிடறு, திரும்பக் கீழே. ஒரு நீர்நிலையில் கரிமீன் குறைந்து கெளுத்தி பெருகுகிறது என்று மீன்காரர் சொன்னால் அதை ஓர் ஆய்வு முடிவாகவே எடுத்துக்கொள்ளலாம். எந்தக் கருவியும் இல்லாமல் பல வருட இரவுகளைக் கூட்டிச் சொன்ன முடிவு அது.

பையன் கழுக்கோலை இழுக்கிறான். சேறு விடமாட்டேன் என்கிறது. இரண்டு கையாலும் பலம் கொடுத்து உருவியதும் கோல் வந்த இடத்திலிருந்து குமிழிகள் கொப்பளித்துக் கிளம்புகின்றன. அழுகிய முட்டை நாற்றம் கரைவரை வருகிறது. கோலின் நுனியில் ஒரு முழத்துக்கு அப்பியிருப்பது கன்னங்கரிய சேறு. டார்ச் அதன்மேல் நிற்கும்போது இன்னொன்றும் தெரிகிறது. கறுப்பு முடிகிற இடத்தில், தண்ணீரைப் பார்த்திருந்த பக்கத்தில், பழுப்பாக ஒரு படலம். பாலாடை கனம்கூட இருக்காது. சில இடத்தில் இருக்கிறது, சில இடத்தில் இல்லை. பையன் கோலைத் தண்ணீரில் அலசுகிறான். கறுப்பும் பழுப்பும் ஒன்றாகக் கரைந்து போகின்றன.

அந்தப் பழுப்பைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

கறுப்பு என்பது இரும்பும் கந்தகமும் சேர்ந்த சேர்மம். ஆக்சிஜன் எட்டாத இடத்தில்தான் அது தங்கும். பழுப்பு என்பது துருவேறிய இரும்பு. ஆக்சிஜன் எட்டும் இடத்துக்கு அது அடையாளம். காற்றில் பரவும் வேகத்தோடு ஒப்பிட்டால் தண்ணீருக்குள் ஆக்சிஜன் பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுகிறது. போகும் வழியெல்லாம் அதைத் தின்ன ஆள் காத்திருக்கிறது. ஆகவே கழிவு நிறைந்த சேற்றில் அது சில மில்லிமீட்டருக்குமேல் இறங்குவதில்லை. பல இடங்களில் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. ஓர் ஏரிக்குள் வந்து சேரும் நைட்ரஜன் விஷமாகத் தேங்குமா, காற்றாகக் கிளம்பிப் போகுமா என்பது அந்த மெல்லிய படலத்தில்தான் பெரும்பாலும் முடிவாகிறது.

நைட்ரஜன் எப்படியெல்லாம் வருகிறது? இலை விழுகிறது, பாசி சாகிறது, வீட்டுச் சாக்கடை வருகிறது, வயலிலிருந்து யூரியா வருகிறது. சேற்றுக்குள் போனதும் புரதங்கள் சிதைந்து அமோனியமாகின்றன. இதற்கு ஆக்சிஜன் வேண்டியதில்லை. இருட்டிலும் நடக்கும், மூச்சுமுட்டும் இடத்திலும் நடக்கும். இப்படிச் சேர்ந்த அமோனியம் மெல்ல மேலே கசிகிறது. பழுப்புப் படலத்தை அடைந்ததும் அங்கே ஒரு கூட்டம் அதைப் பிடித்துக்கொள்கிறது. முதல் வகை நுண்ணுயிர் அமோனியத்தை நைட்ரைட் ஆக்கும். இரண்டாம் வகை நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். 1890ஐ ஒட்டிய ஆண்டுகளில் செர்கேய் வினோகிராட்ஸ்கி சூரிச்சில் இருந்தபோது இவற்றைத் தனியே பிரித்து வளர்த்துக் காட்டினார். ஒளியும் வேண்டாம், சோறும் வேண்டாம், அமோனியத்தை எரித்தே பிழைக்கிற உயிர்கள் உண்டு என்று உலகம் அப்போதுதான் தெரிந்துகொண்டது. ஆனால் அவற்றுக்கு ஆக்சிஜன் தாராளமாக வேண்டும். அமோனியமாக இருக்கும் ஒரு கிராம் நைட்ரஜனை நைட்ரேட் ஆக்க நாலரைக் கிராமுக்குமேல், சரியாகச் சொன்னால் 4.57 கிராம் ஆக்சிஜன் செலவாகிறது.

அங்கே பிறந்த நைட்ரேட் ஒரு பகுதி மேலே தண்ணீருக்குப் போகிறது. ஒரு பகுதி கீழே, கறுப்புக்குள் இறங்குகிறது. கீழே இருப்பவை வேறு ஜாதி. ஆக்சிஜன் கிடைக்காததால் நைட்ரேட்டில் ஒட்டியிருக்கும் ஆக்சிஜனைப் பிய்த்து மூச்சு விடுகிற பாக்டீரியாக்கள். அவை பிய்த்துப் பிய்த்துக் கடைசியில் வெறும் நைட்ரஜன் வாயுவை விட்டுவிடுகின்றன. அது குமிழியாகவும் கரைசலாகவும் மேலேறிக் காற்றோடு சேர்கிறது. காற்றில் ஐந்தில் நாலு பங்கு அதுதான், யாருக்கும் கேடில்லை. ஓர் ஏரியின் நைட்ரஜன் சுமை இறங்கும் பெரிய வழி இது.

மேலே ஆக்சிஜன் வேண்டும், ஒரு விரல் நகக் கனத்துக்குக் கீழே ஆக்சிஜன் இருக்கவே கூடாது. இரண்டும் அடுத்தடுத்து இருந்தால்தான் வேலை நடக்கும். ஊர்க் குளங்களில் ஃபவுண்டன் வைத்து, வண்ண விளக்குப் போட்டு, 'ஏரி மீட்பு' என்று பலகை நடும்போது எனக்குக் கொஞ்சம் தயக்கம் வருவது இதனால்தான். மீன் பிழைக்க அது உதவும், மறுக்கவில்லை. அடிச்சேற்றைத் தொடாமல் மேல்தண்ணீரை மட்டும் பீய்ச்சியடித்தால் நைட்ரஜன் கணக்கில் பெரிதாக ஒன்றும் மாறாது. சேற்றில் வளை தோண்டும் புழுவும், வேம்பநாட்டில் வாரும் கறுத்த கக்காச் சிப்பியும், கொசு போன்ற சிறு பூச்சிகளின் சிவப்பாக நெளியும் புழுவும் அந்த வேலையை இன்னும் நன்றாகச் செய்கின்றன. தங்கள் வளைக்குள் தண்ணீரை இழுத்து இழுத்து விடும்போது, கறுப்புச் சேற்றுக்குள் ஆயிரக்கணக்கான பழுப்புச் சுவர்கள் எழுகின்றன. அடியில் உயிர் இருக்கும் ஏரி தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும்.

ஒரு சனிக்கிழமை காலை கடல் அறிவியல் படிக்கும் மாணவிகள் இருவர் இதே கரையில் வேலை செய்வதைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தேன். கண்ணாடி மூடி போட்ட இரண்டு குப்பிகள். ஒன்றில் மேல்தண்ணீர். மற்றதில் கயிறு கட்டி இறக்கிய கருவியில் எடுத்த அடித்தண்ணீர். காற்றுக்குமிழி ஒன்றுகூட உள்ளே சிக்காதபடி குப்பியைச் சாய்த்து வைத்துக் குழாயை அடிவரை விட்டு நிரப்பினார்கள். பிறகு மாங்கனீசு உப்பு, அதன்பின் அயோடைடு கலந்த காரம், இரண்டையும் குப்பியின் அடியில் சேரும்படி விட்டு மூடித் தலைகீழாகத் திருப்பினார்கள். மேல்தண்ணீர்க் குப்பியில் மரப்பட்டை நிறத்தில் பழுப்புத் திரள் எழுந்து மெல்லக் கீழே படிந்தது. அடித்தண்ணீர்க் குப்பியில் திரண்டதோ வெள்ளை. சுத்த வெள்ளை.

"சேச்சீ, இதில் ஒன்னுமில்லல்லோ," என்றாள் சின்னவள். பெரியவள் ஒன்றும் சொல்லாமல் நோட்டில் எழுதினாள்.

ஹங்கேரியின் லயோஷ் விங்க்ளர் 1888இல் சொல்லிக்கொடுத்த முறை இது. இன்றைக்கு விலையுயர்ந்த மின்முனைகள் வந்துவிட்டன. ஆனாலும் பழுப்பா வெள்ளையா என்று கண்ணால் பார்த்த பிறகு ஒருவர் இந்த விஷயத்தை மறக்க மாட்டார்.

அந்த வெள்ளைக் குப்பியின் அர்த்தம் என்ன? அடியில் ஆக்சிஜன் தீர்ந்தால் சேற்றின் பழுப்புத் தோல் கரைகிறது. அமோனியத்தைப் பிடித்துக்கொண்டிருந்த கூட்டம் மூச்சற்று நிற்கிறது. தடுக்க ஆளில்லாமல் அமோனியம் நேராகத் தண்ணீருக்குள் ஏறுகிறது. நைட்ரேட் உற்பத்தி நின்றதால் கீழே இருப்பவற்றுக்கும் வேலை இல்லை. நைட்ரஜன் வாயுவாகப் போவதும் நிற்கிறது. ஆக்சிஜன் அறவே தீராமல் அரைகுறையாகக் குறைந்தால் வேறு தொல்லை. பாக்டீரியாக்கள் நைட்ரேட்டைப் பாதி வழிவரை பிய்த்து நைட்ரஸ் ஆக்சைடாக விட்டுவிடும். நூறு வருடக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைவிட 270 மடங்குக்குமேல் பூமியைச் சூடாக்கும் வாயு அது.

கொச்சிக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. கோடையில் கடலின் உப்பு உள்ளே ஏறுகிறது. கடல்நீரில் சல்பேட் உண்டு. ஆக்சிஜனும் நைட்ரேட்டும் இல்லாத சேற்றில் அந்த சல்பேட்டை மூச்சாக எடுக்கும் பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்ஃபைடை விடுகின்றன. கழுக்கோலோடு கரைக்கு வந்த நாற்றம் அதுதான். அது மீனுக்கு விஷம். அமோனியத்தை எரிக்கும் கூட்டத்துக்கும் விஷம். அது இருக்கும் இடத்தில் மிச்சம் மீதி நைட்ரேட்டும் வாயுவாகாமல் அமோனியமாகவே திரும்பிவிடும் வழி ஒன்றும் திறக்கிறது. களிமண் பிடித்து வைத்திருக்கும் அமோனியத்தையும் உப்பு உந்தி வெளியே தள்ளுகிறது. இத்தனையும் ஒரே திசையில்.

2024 மே 20ஆம் தேதி இரவு பெரியாறு நாறியது. காக்கநாட்டிலிருந்து வடமேற்கே, ஏலூரில், பாதாளம் என்ற இடத்தில் ஆற்றுக்குக் குறுக்கே ஒரு ரெகுலேட்டர் பாலம் இருக்கிறது. கடலின் உப்பு மேலே ஏறிக் குடிநீரைக் கெடுக்காமலிருக்க அதன் ஷட்டர்களை இறக்கி வைப்பார்கள். கோடை முழுக்க அதன் மேற்பக்கம் தண்ணீர் தேங்கிக் கிடக்கும். அந்தக் கரைகள் ஏலூர், எடையார் தொழிற்பேட்டைகளின் கரைகள். மே மாதம் பலத்த மழை. ஷட்டர்கள் தூக்கப்பட்டன. தேங்கிய தண்ணீர் கீழ்நோக்கிப் பாய்ந்தது. விடிந்தபோது வராப்புழை, சேரானல்லூர், கடமக்குடி பக்கமெல்லாம் மீன் வெள்ளையாக மிதந்தது. கூண்டுகளில் கரிமீனும் காளாஞ்சியும் திலேப்பியாவும் வளர்த்தவர்களுக்குக் கூண்டோடு போயிற்று. கடன் வாங்கிக் குஞ்சு விட்டவர்கள். செத்த மீனை அள்ளிக்கொண்டு வந்து மாநில மாசு கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்தின் முன் கொட்டினார்கள்.

அதற்குப் பிறகு நடந்த வாக்குவாதம்தான் எனக்கு நெடுநாள் உறுத்தியது. ஷட்டரைத் திறந்ததும் ஆக்சிஜன் குறைந்த தண்ணீர் கீழே வந்தது, அதனால் மீன் செத்தது என்றது மாசு கட்டுப்பாட்டு வாரியம். பனங்காட்டிலுள்ள கேரள மீன்வள, கடல்சார் பல்கலைக்கழகம் அமோனியாவும் சல்ஃபைடும் ஆபத்தான அளவில் இருந்ததாகச் சொன்னது. செய்திகளில் இரண்டும் எதிரெதிர்க் கட்சிகளாயின. ஆக்சிஜன் என்றால் இயற்கை, யாரும் பொறுப்பில்லை. அமோனியா என்றால் ஆலை, யாரோ திறந்துவிட்டார்கள். டீக்கடையிலும் இதே பிரிவினை. கலெக்டரேட் இருக்கும் ஊர் என்பதால் காக்கநாட்டு டீக்கடைகளில் இந்தப் பேச்சு சற்று அதிகமாகவே ஓடியது.

கழுக்கோலின் நுனியைப் பார்த்தவருக்கு இந்தப் பிரிவினை புரியாது. ஆக்சிஜன் இல்லாமல் போன தண்ணீரில் அமோனியமும் சல்ஃபைடும் சேரும். அவை சேர்ந்த தண்ணீரில் ஆக்சிஜன் மிஞ்சாது. ஒரே நோய்க்கு இரண்டு அறிகுறி. கேட்க வேண்டிய கேள்வி வேறு: அந்த அடித்தண்ணீர் அவ்வளவு அழுகும்படி அதற்குள் மாதக்கணக்காக எது போய்ச் சேர்ந்தது, யார் அனுப்பியது? ஆக்சிஜன் குறைவு என்பது காரணம் ஆகாது. அது கணக்கின் கடைசி வரி. செலவு எழுதிய கை யாருடையது என்று பார்க்காமல் வரியை மட்டும் படித்து எழுந்து போவது நியாயமில்லை. இழந்தவர்கள் ஏழைகளாக இருக்கும்போது அது மிகவும் அநியாயம்.

ஏலூருக்கும் நைட்ரஜனுக்கும் உறவு பழையது. ஃபாக்ட் உர ஆலை 1947இல் அங்கே அமோனியம் சல்பேட் செய்யத் தொடங்கியது. அந்தக் காலத்தில் விறகை வாயுவாக்கி அதிலிருந்து ஹைட்ரஜன் எடுத்தார்கள். காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து உரமாக்கி வயலுக்கு அனுப்பினார்கள். பஞ்சத்தில் வாடிய நாட்டுக்கு அது சோறு போட்டது, அதை மறக்கக் கூடாது. காற்றிலிருந்து மனிதன் கீழே இறக்கியதை மறுபடி காற்றுக்கு ஏற்றி அனுப்பும் வேலை மட்டும் சேற்றிலுள்ள பாக்டீரியாவின் தலையில் விழுந்தது. இறக்குவது பெருகிக்கொண்டே போகிறது. ஏற்றுகிற கூட்டத்துக்கு மூச்சு விட இடமில்லை.

கடம்ப்ரயாற்றுக்குத் திரும்பினால், இங்கே பெரிய ஆலைகள் முன்னால் நிற்கவில்லை. நிற்பது பிரம்மபுரம். 2023 மார்ச் 2ஆம் தேதி பற்றிய குப்பைமேடு பன்னிரண்டு நாள் புகைந்தது நாடு முழுக்கத் தெரியும். கொச்சி நகரின் பாதி மூச்சுமுட்டியது. அணைக்க ஊற்றிய தண்ணீர் எங்கே போயிற்று என்று அவ்வளவு பேர் கேட்கவில்லை. அந்த மேடு இருப்பது கடம்ப்ரயாறும் சித்திரப்புழையும் சேரும் மூலையில். மக்கும் குப்பையில் ஊறி இறங்கும் கறுத்த நீரில் அமோனியா எக்கச்சக்கமாக இருக்கும் என்பது குப்பைமேட்டுப் பாடத்தின் முதல் பக்கம். 2018இல் மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியம் நாட்டில் மாசடைந்த 351 ஆற்றுப் பகுதிகளைப் பட்டியலிட்டது. கேரளத்தில் 21. கடம்ப்ரயாறும் அதில் ஒன்று.

பிறகு நாங்கள். அடுக்குமாடிகளில் குடியிருக்கும் நாங்கள். காக்கநாட்டின் அடுக்ககங்களுக்குப் பொதுச் சாக்கடை வலை பெரும்பாலும் இல்லை. ஆளுக்கொரு எஸ்டிபி, அதாவது கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம், வைத்துக்கொள்கிறோம். கார் நிறுத்தும் தளத்துக்கு அடியில், கதவைத் திறந்தால் புளோயரின் இரைச்சல். தொட்டியில் சாக்லேட் நிறத்தில் கழிவுநீர் புரண்டு கொதிக்கிறது. அடியிலிருந்து காற்று கொடுக்கிறார்கள். ஏரியின் பழுப்புத் தோல் செய்யும் வேலையை அந்தத் தொட்டி முழுக்கச் செய்கிறது. காற்று இருக்கும்வரை அமோனியம் நைட்ரேட் ஆகும். ஒழுங்காகக் கட்டிய இடத்தில் அடுத்து ஒரு காற்றில்லாத தொட்டியும் இருக்கும், அங்கே நைட்ரேட் வாயுவாகும்.

கரண்ட் பில் ஏறுகிறது என்று இரவில் புளோயரை நிறுத்தச் சொல்லும் சங்கக் கூட்டம் ஒன்றில் நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு மாதத்தில் எத்தனை ரூபாய் மிச்சம் என்று ஒருவர் கணக்குப் போட்டார். எல்லாரும் தலையாட்டினார்கள். எஸ்டிபியைப் பார்த்துக்கொள்ளும் வடநாட்டுப் பையன் கதவோரம் நின்றான். அவனை யாரும் கேட்கவில்லை. தெளிந்த மாதிரி தெரிகிற தண்ணீர் வெளியேறும், நுரை இருக்காது, கண்ணுக்கு உறுத்தாது. அதற்குள் அமோனியம் அப்படியே இருக்கும். தோட்டத்துக்குப் போக மிஞ்சியது ஓடைக்கு, ஓடையிலிருந்து கடம்ப்ரயாற்றுக்கு. நாங்கள் மிச்சம் பிடித்த ஆக்சிஜனை ஆறு கொடுக்க வேண்டியிருக்கிறது. ஒரு கிராமுக்கு 4.57 கிராம் வீதம்.

ஆற்றின் மேலே குளவாழை. தமிழில் ஆகாயத்தாமரை. சில வாரங்களில் பாலத்திலிருந்து பார்த்தால் தண்ணீரே தெரியாது, கால் வைத்து நடந்து போய்விடலாம் என்று தோன்றும். ஒரு செடியைப் பிடுங்கினால் வேர் ஊதாவும் கறுப்புமாகத் தொங்கும். ஒவ்வொரு இழையிலும் வண்டல் ஒட்டியிருக்கும், குட்டி நத்தைகள், கண்ணாடி போன்ற இறால் குஞ்சுகள். வேர் அமோனியத்தையும் நைட்ரேட்டையும் வாரி உறிஞ்சுகிறது. அதனால் சிலர் இதைத் துப்புரவுத் தொழிலாளி என்றே பாராட்டுகிறார்கள். வாரிக் கரையேற்றி உரமாக்கினால் அந்தப் பாராட்டு பொருந்தும். அப்படியே விட்டால் கீழே வெளிச்சம் போகாது, பாசி ஆக்சிஜன் செய்யாது, காற்று தண்ணீரைத் தொடாது. செடி செத்து மூழ்கி, உறிஞ்சிய அத்தனையும் மறுபடி அமோனியமாகும். அதிகாரிகள் பெரும்பாலும் மழைக்காலத்தை நம்பி இருக்கிறார்கள். வெள்ளம் தள்ளிக்கொண்டு போய்க் கடலில் விட்டால் உப்பில் செத்துவிடும். சுமை கடற்கரைக்கு இடம் மாறுகிறது, அவ்வளவுதான்.

மாலைச் சூரியனும் ஆபத்தில்லாதது இல்லை. பாசி மும்முரமாக வேலை செய்யும்போது தண்ணீரின் காரத்தன்மை ஏறுகிறது. அமோனியத்தில் எவ்வளவு விஷமான அமோனியாவாக மாறும் என்பதை அதுவே தீர்மானிக்கிறது. 30 டிகிரியில் பிஎச் 7 என்றால் நூறில் ஒரு பங்குகூட இல்லை. 8 என்றால் ஏழெட்டுப் பங்கு. 9 என்றால் பாதிக்கு நெருங்கிவிடும். விடியலில் மூச்சுக்குத் தவித்த மீனுக்கு மாலையில் செவுள் எரியும். மீன்வளர்ப்புக்காரர்கள் இரண்டு வேளையும் தண்ணீரைச் சோதிக்கச் சொல்வது வீம்புக்கல்ல.

இதெல்லாம் கொச்சிக்கு மட்டும் வந்த சோதனை இல்லை. சீனத்தின் தாய்ஹு ஏரி சராசரி இரண்டு மீட்டர் ஆழம்தான். 2007 மே மாதக் கடைசியில் பாசி அழுகி அடித்தண்ணீர் மூச்சற்றுப்போய், வூஷி நகரில் இருபது லட்சம் பேருக்குக் குழாயில் நாற்றத் தண்ணீர் வந்தது. பெங்களூரு அல்சூர் ஏரியில் 2016 மார்ச்சில் மீன் கூட்டமாகச் செத்து ஒதுங்கியது. ஆழமில்லாத ஏரிகள் எல்லாவற்றுக்கும் இந்த பலவீனம் உண்டு. சேறு தண்ணீருக்கு அத்தனை பக்கத்தில் இருக்கிறது. ஒரு காற்று அடித்தால் கலங்கி எழுந்து மொத்தத் தண்ணீரின் ஆக்சிஜனையும் தின்றுவிடும். அதே நெருக்கம்தான் அவற்றின் பலமும். சேறு பக்கத்தில் இருப்பதால்தான் நைட்ரஜனை அவ்வளவு வேகமாகக் காற்றுக்கு அனுப்பவும் அவற்றால் முடிகிறது.

வேம்பநாட்டில் அந்தப் பலத்தைக் கட்டிப்போட்டது தண்ணீர்முக்கம் தடுப்பணை. குட்டநாட்டு நெல்லை உப்பிலிருந்து காக்க 1976இல் செயலுக்கு வந்தது. டிசம்பர் நடுவிலிருந்து கோடை வரை கதவை அடைத்தால் தெற்கே ஓதம் கிடையாது. வயலின் உரமும் ஊர்க் கழிவும் அசையாத் தண்ணீரில் தங்கும், குளவாழை மூடும். 2002இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் ஏறிய பெருமையுள்ள காயல் அது. நெல்லும் வேண்டும், கக்காவும் வேண்டும் என்று இரண்டு கரையும் ஒவ்வொரு வருடமும் கதவு திறக்கும் நாளுக்காகச் சண்டை போடுகின்றன. இரண்டு கரையின் வயிறும் நிஜம் என்பதால் எனக்கு அதில் சுலபமான தீர்ப்பு கிடையாது.

கடமக்குடியின் பொக்காளி வயலில் ஒரு பெரியவர் தூம்பைத் திறப்பதைப் பார்த்திருக்கிறேன். ஜூன் முதல் அக்டோபர் வரை நெல், பிறகு ஏப்ரல் வரை இறால். ரசாயன உரம் கிடையாது. தண்ணீரை உள்ளே எப்போது விடுவது, எப்போது வடிப்பது என்பதுதான் முழு விவசாயமும். ஓதம் ஏறும்வரை பலகையில் கை வைத்துக் காத்திருந்தார். வெளித்தண்ணீரை ஒரு கை அள்ளி மோந்தார். பிறகு ஒரு பலகையை மட்டும் உருவினார். புதுத் தண்ணீர் குறுகலாக நுரைத்து உள்ளே இறங்கியது. அது வயல் முழுக்கப் பரவிக் கலக்கும்வரை பொறுத்து அடுத்த பலகை. உள்ளே இருக்கும் பழைய தண்ணீர் ஒரேயடியாகக் கிளம்பினால் இறால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும்.

பாதாளத்தில் ஷட்டரைத் தூக்குகிறவர்களுக்கு இந்தப் பொறுமையை விதியாகவே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். முதல் கோடைமழை எப்போது வரும் என்பது வானிலை அறிக்கையில் முன்கூட்டியே வருகிறது. அதற்கு முன்பே மேற்பக்கத்து அடித்தண்ணீரை எடுத்து ஆக்சிஜன், அமோனியா, சல்ஃபைடு மூன்றையும் பார்க்கலாம். மேல்தண்ணீரைப் பகலில் மொண்டு பார்த்துவிட்டுச் சரி என்று எழுதுவது போதாது. விடியலுக்கு முன், அடியிலிருந்து எடுக்க வேண்டும். தண்ணீர் கெட்டிருந்தால் ஒரு ஷட்டரை மட்டும் கொஞ்சம் தூக்கி, கடல் ஏறும் நேரம் பார்த்து, நாலைந்து நாளில் மெல்ல வடிக்கலாம். கீழே கூண்டு வைத்திருப்பவர்களுக்கு முந்தின நாளே போனில் சொல்லலாம். வலையை இழுத்துக்கொண்டு போக அவர்களுக்கு ஒரு இரவு போதும். கடம்ப்ரயாற்றுக்கு அடுக்ககங்களின் எஸ்டிபி வெளியேற்றத்தில் அமோனியா அளவை மாதம் ஒருமுறை, முன்னறிவிப்பு இல்லாமல், இரவில் வந்து எடுக்க வேண்டும். எங்கள் அடுக்ககத்திலிருந்தே தொடங்கட்டும்.